கியர் சைக்கிளோடு வன்னிக்குக் குடிவருகிறவர்களுக்கு

வன்னியில் வாடகைக்கு வீடு பிடித்ததும், பெட்டி படுக்கையை அவிழ்க்க முதல், கிணற்றுக்குள் எட்டிப் பாருங்கள். மேலிருந்து தண்ணீர் மட்டம் வரை எத்தனை சீமெந்து வளையம் தெரிகிறது என்று எண்ணி, குசினிக் கலண்டரில் அன்றைய திகதிக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். சைக்கிளைப் பற்றி எழுத வந்தவன் கிணற்றில் தொடங்குகிறானே என்று நினைப்பீர்கள். தண்ணீர் மோட்டரை எவ்வளவு நேரம் ஓட விடலாம் என்பதை அந்த எண்தான் சொல்லும். எந்தப் பாதையில் சைக்கிளை இறக்கலாம் என்பதையும் அதுவேதான் சொல்லும்.

நான் யாழ்ப்பாணத்துக்காரன். 2014 இல் வேலை மாறிக் கிளிநொச்சிக்கு வந்தேன், யாழ்ப்பாணம் வரை ரயில் மறுபடி ஓடத் தொடங்கிய வருடம். அப்போது கியர் சைக்கிளில் உள்றோட்டால் போனால் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வேலியடிக்கு ஓடி வருவார்கள். 2022 இல் பெற்றோல் இல்லாமல் போனதும் ஊரே மறுபடி சைக்கிளுக்கு வந்தது. எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் சேர்ந்ததும் அந்த நேரத்தில்தான். ஒரு வாத்தியார், ஒரு நேர்ஸ் அக்கா, வயல் செய்கிற இரண்டு தம்பிமார், நான். ஓடப் போக முதல் சைக்கிள் கடை வாங்கில் அரை மணித்தியாலம் இருந்து கதைப்போம். கதையில் பாதி எந்தக் குளக்கட்டு காய்ந்திருக்கிறது என்பது, மீதி யாருடைய மோட்டர் எயார் பிடித்து, அதாவது குழாய்க்குள் காற்றுப் புகுந்து, தண்ணீர் எடுக்காமல் நிற்கிறது என்பது. இந்தக் கட்டுரையில் இருப்பது பெரும்பாலும் அந்த வாங்கில் கேட்டவைதான்.

சைக்கிளைத் தயார் செய்வது

மவுண்டன் பைக் என்று பெயர் இருந்தாலும் இங்கே ஏறுவதற்கு மலை கிடையாது. நீங்கள் மூச்சு வாங்கி ஏறப்போகும் ஒரே ஏற்றம் குளக்கட்டுத்தான். ஆகையால் பின்னுக்கும் ஸ்பிறிங் வைத்த விலை கூடிய சைக்கிள் தேவையில்லை. முன்னுக்கு மட்டும் இருந்தால் போதும், இல்லாவிட்டாலும் ஓடலாம். ஆனால் ரயரில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். இரண்டு இஞ்சிக்குக் குறையாத அகலம் வேண்டும்.

சக்கரம் 26 இஞ்சி என்றால் ரியூப் எந்தச் சந்தியிலும் கிடைக்கும். 27.5, 29 என்றால் வரும்போதே நாலைந்து ரியூப் வாங்கி வாருங்கள். மெல்லிய நீள வால்கட்டை உள்ள ரியூபுக்கு இங்குள்ள பம் பொருந்தாது. அதற்கான சின்னப் பித்தளை மூடி ஒன்றை வாங்கிச் சீற்றுப் பையில் போட்டுவிடுங்கள். ரியூப்லெஸ் நல்லதுதான், ஆனால் உள்ளே விடுகிற பால் இந்த வெக்கைக்குச் சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். பிறேக் கேபிள் டிஸ்க்காக இருக்கட்டும். எண்ணெய் பிறேக்கில் காற்று ஏறினால் எடுத்துத் தரும் ஆள் பக்கத்தில் இருக்கமாட்டார்.

முள்ளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வயல் வரம்பில் நெருஞ்சி, காட்டோரம் சூரை, பூநகரிப் பக்கம் உடைமுள். நெருஞ்சி குத்தினால் காற்று மெல்ல இறங்கும், வீடு வந்து பார்த்துக்கொள்ளலாம். உடைமுள் அப்படி விடாது, ரயரின் தடிப்பைத் துளைத்து ரியூபின் மறுபக்கமும் போய்விடும். முள் குத்தினால் ரியூபை மாற்றிவிட்டு உடனே காற்றடிக்காதீர்கள். பழைய பருத்தித் துணியொன்றை ரயரின் உட்பக்கமாகச் சுற்றி இழுங்கள். முறிந்து நிற்கும் முள்முனை துணியில் கொழுவும். விரலால் தடவிப் பார்த்தால் முள் விரலில் ஏறும். நான் அதைச் செய்யாமல் ஒரே மத்தியானத்தில் மூன்று ரியூப் முடித்தவன்.

சங்கிலிக்குத் தேங்காய் எண்ணெய் பூசச் சொல்லி யாராவது புத்தி சொல்வார்கள். சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். அது பிசினாகிக் கிறவல் தூசியையெல்லாம் இழுத்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு துளியாக விட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட்டால் போதும்.

வீட்டில் முதல் வாரம்

முதலில் தண்ணீர். கிளிநொச்சி நகரில் சில பகுதிகளுக்குக் குழாய்த் தண்ணீர் வருகிறது, மற்றப்படி பெரும்பாலும் கிணறுதான். என் கிணற்றில் ஒரு வளையம் கிட்டத்தட்ட இரண்டு அடி. மார்கழியில் இரண்டு வளையம் தெரியும், ஆவணி கடைசியில் பன்னிரண்டு வரை போகும். இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், கிணற்று வாயில் வைத்த மோட்டர் தண்ணீரை உறிஞ்சித்தான் எடுக்கிறது. எவ்வளவு பெரிய மோட்டராக இருந்தாலும் காற்றழுத்தம் தூக்கித் தரும் உயரம் கணக்குப்படி 33 அடி, நடைமுறையில் 25 அடியோடு திணறத் தொடங்கும். அதற்குக் கீழே தண்ணீர் போகும் கிணறு என்றால் மோட்டரைக் கிணற்றுக்குள் ஒரு தட்டில் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீருக்குள் இறக்குகிற மோட்டர் வேண்டும். வீடு எடுக்கும்போதே வீட்டுக்காரரிடம் ‘ஆவணியில தண்ணி எவ்வளவுக்கு இறங்கும்?’ என்று கேளுங்கள். ‘தண்ணி வத்தாது தம்பி’ என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பக்கத்து வீட்டிலும் ஒருமுறை கேளுங்கள்.

என் கதையைச் சொல்கிறேன். வந்து இரண்டாம் வருடம், ஒரு ஆவணி ஞாயிறு. தாங்கியை நிரப்ப மோட்டரைப் போட்டுவிட்டு, இருபது நிமிடத்தில் வந்துவிடலாம் என்று சைக்கிளை எடுத்தேன். குளக்கட்டில் காற்று நன்றாக இருந்தது, இருபது நிமிடம் ஒன்றரை மணித்தியாலமாகிவிட்டது. படலைக்குள் வரும்போதே கருகின மணம். பக்கத்து வீட்டு ஐயா வேலியால் எட்டி, ‘தம்பி, உங்கட மோட்டர்ச் சத்தம் மாறி ஒரு மணித்தியாலமாச்சு. தண்ணி இல்லாமல் சும்மா சுத்துது. நான் படலையால கூப்பிட்டுப் பாத்தன்’ என்றார். வளையம் பத்துக்கு இறங்கியிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஓட ஓடத் தண்ணீர் இன்னும் இறங்கி, குழாயின் அடி வெளியே வந்து, கொயில் எரிந்துபோயிருந்தது. கொயில் மறுபடி கட்டிய காசுக்கு நல்ல ரயர் இரண்டு வாங்கியிருக்கலாம். அன்றிலிருந்து மோட்டர் ஓடும்போது நான் வீட்டை விட்டுப் போவதில்லை. எட்டு வளையத்துக்குக் கீழே இறங்கினால் பத்து நிமிடம் ஓடவிட்டு, கிணறு ஊற விட்டு, மறுபடி பத்து நிமிடம்.

மோட்டர் எயார் பிடிக்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இரண்டு. குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வில் குப்பை சிக்கித் தண்ணீர் கீழே வழிகிறதா என்பது ஒன்று. உறிஞ்சும் குழாயின் மூட்டில் எங்காவது வெடிப்பு இருக்கிறதா என்பது மற்றது. மூட்டு வெடிப்புக்கு உங்களிடம் ஏற்கெனவே மருந்து இருக்கிறது, எறியாமல் வைத்த பழைய சைக்கிள் ரியூப். ஒரு இஞ்சி அகலத்தில் நீளமாக வெட்டுங்கள். மூட்டை நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். வெடிப்புக்கு நாலு விரல் கீழே தொடங்கி, றப்பரை இழுத்துப் பிடித்தபடி, ஒரு சுற்று முந்தின சுற்றில் பாதியை மூடும்படி மேலே நாலு விரல் வரை சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டுங்கள். இழுவை முக்கியம், தளரச் சுற்றினால் பயனில்லை. மேலே தண்ணீர் விட்டு நிரப்பி மோட்டரைப் போட்டால் ஓடும். குழாய் வேலைக்காரர் ‘நாளைக்கு வாறன்’ என்று சொன்ன நாளிலிருந்து அவர் உண்மையாகவே வருகிற நாள் வரை அது தாங்கும்.

குடிக்கிற தண்ணீர் வேறு விசயம். பல கிணறுகளில் தண்ணீர் கடினம், சவர்க்காரம் நுரைக்காது, கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும். வினாகிரி விட்டு ஒரு இரவு வைத்தால் படிவு கழன்றுவிடும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் புளோரைட்டும் உப்பும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும். வவுனியாப் பக்கம் புளோரைட்டும் சிறுநீரக நோயும் பெரிய கவலை. ஆகவே ஊர்ச் சனம் எதைக் குடிக்கிறார்கள் என்று பாருங்கள். ஆர்.ஓ. மெஷினில் சுத்திகரித்த தண்ணீரைக் கானில் வாங்குகிறார்கள் என்றால் நீங்களும் வாங்குங்கள், அதில் வீராப்பு வேண்டாம். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றை இறைத்துக் குளோரின் போட வேண்டும். அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுப் போடுங்கள்.

கரன்ட் பற்றிச் சுருக்கமாக. முந்தி இருந்தவர்களின் பில் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மீற்றர் எண்ணையும் அதே கலண்டரில் எழுதுங்கள். வீட்டுப் பாவனையில் மாதம் 60 அலகு என்பது ஒரு கோடு, தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். ஒரு குதிரைவலு மோட்டர் ஒரு மணித்தியாலம் ஓடினால் கிட்டத்தட்ட ஒரு அலகு என்று வைத்துக்கொண்டால் கணக்குப் பார்க்கச் சுகம். ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அமத்திப் பாருங்கள், விழவில்லை என்றால் மின் வேலைக்காரரைக் கூப்பிடுங்கள். கோடையில் நிலம் காய்ந்தால் ஏர்த் கம்பி சரியாக வேலை செய்யாது, கம்பியடியில் இடைக்கிடை ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். ஐப்பசி பின்னேரங்களில் இடி முழங்கத் தொடங்கியதும் மோட்டர், ரிவி, வைஃபை எல்லாவற்றின் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். கரன்ட் நின்றால் மின்சார சபைக்கு 1987.

காஸ் சிலிண்டரில் லிற்றோவுக்கும் லாஃப்ஸுக்கும் ரெகுலேற்றர் வேறு வேறு. எது உங்கள் சந்தியில் ஒழுங்காகக் கிடைக்கிறது என்று கேட்டுவிட்டு ரெகுலேற்றர் வாங்குங்கள். புதுச் சிலிண்டர் மாட்டியதும் சவர்க்காரத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். ரியூபில் ஓட்டை தேட வைத்திருக்கும் அதே போத்தல் இதற்கும் போதும்.

முதல் ஓட்டம்

இனிச் சைக்கிளை எடுக்கலாம். முதல் நாள் தனியாக வேண்டாம். போகிற வழியையும் திரும்பும் நேரத்தையும் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். கைபேசி வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள், காட்டுக்குள் சிக்னல் இருக்காது. அந்த வரைபடத்தை முழுதாக நம்பவும் வேண்டாம். அதில் பாதை என்று தெரிவது கோடையில் வண்டில் தடமாக இருக்கும், மாரியில் வயலாகிவிடும்.

பாதையைக் கேட்கவும் ஒரு முறை இருக்கிறது. ‘இந்தப் பாதை எங்க போகுது?’ என்று கேட்டால் ‘நேர போகலாம்’ என்று மரியாதைக்குச் சொல்லிவிடுவார்கள். ‘ஐயா, நேற்று இதால யாரும் போனவையோ?’ என்று கேளுங்கள். அப்போதுதான் உண்மை வரும். ‘போனவை, ஆனா தாம்போதியில தண்ணி நிக்குது. உந்தக் கியர்ச் சைக்கிளோட போகேலாது.’ தாம்போதி என்பது மழைத் தண்ணீர் மேலால் பாய்ந்து போகும்படி றோட்டைத் தாழ்த்திக் கட்டிய இடம்.

காற்றழுத்தம்: 70 கிலோ எடையுள்ள ஆளுக்கு, இரண்டு இஞ்சி ரயருக்குக் கிறவலில் 30 பிஎஸ்ஐ அளவில் வைத்தால் கைக்குச் சுகம். மணலில் 25 வரை இறக்கலாம். வன்னிக் கிறவல் காய்ந்தால் உருண்டைக் கல்லுக்கு மேல் ஓடுவதுபோல இருக்கும். வளைவில் முன் பிறேக்கை நம்பினால் முழங்கை தேயும். மணலில் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, ஹாண்டிலை இறுக்காமல், நிற்காமல் மிதியுங்கள்.

தண்ணீர்: சித்திரையில் மூன்று மணித்தியால ஓட்டத்துக்கு மூன்று லீற்றர். கொஞ்ச உப்பும் தேசிக்காயும் வைத்திருங்கள். காலை ஆறரைக்குப் புறப்பட்டுப் பத்து மணிக்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும். ஆறுக்கு முதல் புறப்படும் வீரர்களுக்கு, கீழே யானையைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

எங்கே போகலாம்

வளையக் கணக்கு இங்கேதான் கைகொடுக்கும். என் கிணற்றில் மூன்று வளையம் வரை தெரிந்தால் தார் றோட்டும் கிறவல் றோட்டும் மட்டும். நாலிலிருந்து ஏழு வரை குளக்கட்டு, வாய்க்கால் கட்டு எல்லாம் ஓடலாம். எட்டுக்கு மேல் போனால் குளத்தின் அலைகரைக்கே, அதாவது தண்ணீர் வற்றி வெளியே தெரிகிற குளத்து நிலத்துக்கே, இறங்கலாம். உங்கள் கிணறு வேறு, எண்ணும் வேறாக இருக்கும். ஒரு வருடம் குறித்து வைத்தால் உங்களுக்கென்று ஒரு கணக்கு வந்துவிடும்.

முதல் ஓட்டத்துக்கு இரணைமடு. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய குளம், ஏ9 வீதியில் இரணைமடுச் சந்தியில் கிழக்கே திரும்ப வேண்டும். கட்டில் ஏறினால் ஒரு பக்கம் கடல்போலத் தண்ணீர், மறுபக்கம் கீழே வயல். துருசடியில், அதாவது மதகடியில், குளிக்கிறவர்கள் இருப்பார்கள், பெண்களும் இருப்பார்கள். தூரத்திலேயே மணி அடித்து, வேகத்தைக் குறைத்து, பார்வையைப் பாதையில் வைத்துக்கொண்டு போங்கள். படம் எடுக்காதீர்கள். வேர்க்கிறது என்று கண்ட இடத்தில் தண்ணீருக்குள் இறங்கவும் வேண்டாம், வன்னிக் குளங்களில் முதலை உண்டு. குளிக்கிறவர்களுக்கு எந்த இடம் என்று தெரியும், உங்களுக்குத் தெரியாது.

ஓட்டம் பழகியதும் மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் வவுனிக்குளத்துக்குப் போங்கள். பாலி ஆற்றுத் தண்ணீர் சேர்கிற பழைய குளம். ஆடி ஆவணியில் அலைகரை காய்ந்து வெளியாகக் கிடக்கும். தூரத்திலிருந்து பார்க்க மேசைபோலத் தட்டையாக இருக்கும். கிட்டப் போனால்தான் மாட்டுக் குளம்படிகள் சேற்றில் பதிந்து, அப்படியே காய்ந்து கல்லாக நிற்பது தெரியும். அதில் ஐந்நூறு மீற்றர் ஓடினால் பல்லெல்லாம் ஆடும். தண்ணீருக்குக் கிட்டவும் போகாதீர்கள், மேலே காய்ந்த பொருக்கு, கீழே களி. அலைகரையில் ஓடுவதற்குக் கரையில் புல் முடிகிற கோடுதான் நல்லது.

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகிற பாதைதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. இரண்டு பக்கமும் காடு, பாலையும் வீரையும் முதிரையும். ஒட்டுசுட்டானை அண்டிய கற்சிலைமடுவில்தான் 1803 ஒக்டோபர் 31 இல் வன்னி மன்னன் பண்டாரவன்னியனை பிரித்தானியப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் தோற்கடித்ததாகக் கல் நட்டார்கள். இறங்கி நின்று பார்த்துவிட்டுத் தான்தோன்றீஸ்வரர் கோயிலடியில் தண்ணீர் குடித்து இளைப்பாறலாம். அங்கிருந்து முத்தையன்கட்டுக் குளம் தூரமில்லை. பாலைப்பழக் காலத்தில் போனால் றோட்டோரம் விற்பார்கள். ஒரு சுண்டு வாங்கித் தின்றால் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும், அடுத்த பத்துக் கிலோமீற்றருக்கு யாரும் கதைக்கமாட்டீர்கள்.

பரந்தனிலிருந்து பூநகரி தட்டை றோட்டு, ஆனால் காற்று. வைகாசியிலிருந்து ஆவணி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும், வெயில் ஏற ஏறக் கூடும். காலையில் காற்றுக்கு எதிரே பூநகரிக்குப் போய், திரும்பும்போது அது முதுகில் தள்ள வருவதுதான் புத்தி. மாறிச் செய்தால் திரும்பும் பாதை இரண்டு மடங்கு நீளமாகிவிடும். மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றைக் கச்சான் என்பார்கள். முறிகண்டிப் பிள்ளையாரடியில் வாங்குகிறதும் கச்சான்தான், அது வறுத்த நிலக்கடலை. முதல் கச்சான் தொண்டையைக் காய வைக்கும், இரண்டாவது கச்சானுக்காகவே சிலர் முறிகண்டி வரை மிதிக்கிறார்கள்.

வைகாசி விசாகத்துக்கு வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல். அந்த நாட்களில் முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பக்க றோட்டெல்லாம் சனம், சைக்கிளை உருட்டித்தான் போக வேண்டி வரும். ஆனால் வழிநெடுகத் தாகசாந்தி இருக்கும், போத்தல் நிரப்பத் தேவையில்லை.

ஒன்று மறக்காதீர்கள். மாசி பங்குனியில் கால போக வெட்டு முடிந்ததும் றோட்டின் ஒரு பக்கத்தில் நெல் காயப் போட்டிருப்பார்கள். அதன் மேல் சைக்கிளை ஏற்றாதீர்கள். அது ஒருவருடைய ஆறு மாதம்.

எங்கே இறங்கக்கூடாது

இதை மட்டும் விளையாட்டாக வாசிக்காதீர்கள்.

கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. கண்ணிவெடியைத் தடை செய்கிற ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது, வெடி அகற்றுகிறவர்கள் இன்றும் நிலத்தில் முழங்காலில் இருந்து வேலை செய்கிறார்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, சிவப்பு முனை பூசிய தடி, கட்டிய நாடா, இவற்றில் எதைக் கண்டாலும் அந்தப் பக்கம் முடிந்தது. பலகை இல்லாத இடத்திலும் ஆட்கள் பாவிக்கிற தடத்தை விட்டு விலகாதீர்கள். ஒண்ணுக்கிருக்கப் பற்றைக்குள் போகிற பழக்கத்தை விடுங்கள், பாதையோரத்திலேயே இருங்கள், மற்றவர்கள் திரும்பி நிற்கட்டும். தடம் தவறிவிட்டது என்று தெரிந்தால் நின்று, வந்த காலடியிலேயே திரும்புங்கள். இரும்புத் துண்டு எதையும் எடுக்காதீர்கள். கண்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு பொலிசுக்கு, 119 க்குச் சொல்லுங்கள்.

காட்டுக்குள் பன்றிக்குக் கட்டுத்துவக்கு வைக்கிறார்கள். ஒற்றையடிப் பாதைக்குக் குறுக்கே மெல்லிய கம்பியோ நூலோ கட்டியிருக்கும், தட்டினால் வெடிக்கும். அதனால் மிருகத் தடங்களில் சைக்கிள் ஓடுவது எங்கள் கூட்டத்தில் தடை. வயல் வேலிகளில் சிலர் வீட்டுக் கரன்டையே கம்பியில் கொழுவி விடுகிறார்கள். இது சட்டவிரோதம், ஆளைக் கொல்லும். யானை வேலியில் கரன்ட் துடிப்புத் துடிப்பாக வரும், தொட்டால் தூக்கி எறியும். இந்தக் கள்ளக் கம்பி பிடித்தால் விடாது. இருட்டில் வயல் வரம்பால் குறுக்கே வராதீர்கள்.

யானை விசயத்தில் சைக்கிள்காரருக்கு ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. மோட்டர் சைக்கிள் சத்தம் யானைக்குத் தூரத்திலேயே கேட்கும், உங்கள் சைக்கிளுக்குச் சத்தமே கிடையாது. வளைவு திரும்பினதும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திடீரென்று பார்க்கிற நிலை வரும். காட்டு றோட்டில் சத்தமாகக் கதைத்துக்கொண்டு, மணி அடித்துக்கொண்டு போங்கள். புது லத்தி, ஈரம் காயாத முறிந்த கொப்பு கண்டால் திரும்புங்கள், படம் எடுக்க நிற்க வேண்டாம். விடிய ஆறுக்கு முதலும் பின்னேரம் ஐந்துக்குப் பிறகும் அந்த றோட்டுகளில் இருக்காதீர்கள். வனசீவராசிகள் திணைக்களத்தின் எண் 1992.

புடையன் பாம்பு கடித்தால் வெட்டுவது, இறுக்கிக் கட்டுவது, நாட்டு மருந்து தேடுவது ஒன்றும் வேண்டாம். கடித்த கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 1990 க்கு எடுத்து, ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அம்புலன்சுக்குக் காசு இல்லை. நேர்ஸ் அக்கா இதை ஒவ்வொரு ஞாயிறும் சொல்வார், எங்களுக்குப் பாடமாகிவிட்டது.

மழை தொடங்கினால்

ஐப்பசி நடுவில் முதல் பெருமழை விழுந்ததும் நிலம் ஒரே இரவில் மாறும். நேற்று வரை கல்லாக இருந்த வயல் தடம் களியாகி ரயரில் சுற்றும், இருபது சுற்றில் சக்கரம் ஃபோக்கில் இறுகி நின்றுவிடும். தடியால் கிண்டி எடுத்துச் சைக்கிளைத் தோளில் சுமந்து வருவதுதான் மிச்சம். களி பிடித்த சைக்கிளுக்குத் தண்ணீர்க் குழாயை வேகமாகப் பிடிக்காதீர்கள், அச்சுக் குண்டுகளுக்குள் தண்ணீர் போகும். களியைக் காயவிட்டு, தட்டி உதிர்த்து, பழைய பல் பிறஷால் எடுங்கள். மிச்சத்தை மழைத் தண்ணீரால் கழுவினால் கிணற்றுத் தண்ணீரின் வெள்ளைத் திட்டும் விழாது.

தாம்போதியில் தண்ணீர் நின்றால் ஆழத்தைப் பார்க்கலாம். ஓடினால் பார்க்கவே வேண்டாம், திரும்புங்கள். முழங்காலுக்குக் கீழே ஓடுகிற தண்ணீர்கூடச் சைக்கிளின் சக்கரத்தில் பிடித்து ஆளைச் சரிக்கும். குளம் நிரம்பி வான் பாய்கிறது என்று கேள்விப்பட்டால் சனத்தோடு போய்த் தூரத்தில் நின்று பாருங்கள், கீழ்ப் பக்கத்துப் பாதைகளில் ஓடாதீர்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் கதவுகள் திறந்தபோது கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பல ஊர்களுக்குள் வெள்ளம் போனது. நான் முந்தின வாரம் ஓடிய வாய்க்கால் கட்டு எங்கே இருந்தது என்றே பிறகு தெரியவில்லை.

அந்த நாட்களில் வீட்டில் இருந்து ரியூபுக்கு ஒட்டுப் போடுங்கள், தாங்கியைக் கழுவுங்கள், ஃபுட் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். கிணறு நிரம்பி இருக்கும்போது குழாயை மேலே இழுப்பது சுகம்.

இன்று காலை என் கிணற்றில் ஐந்து வளையம் தெரிகிறது. ஞாயிறு ஆறரைக்கு அக்கராயன் குளக்கட்டுக்குப் போகிறோம். சைக்கிள் கடை வாங்கடிக்கு ஆறு மணிக்கே வந்துவிடுங்கள், வாத்தியாரின் மோட்டர் மறுபடி எயார் பிடித்திருக்கிறதாம். பழைய ரியூப் இருந்தால் ஒன்று கொண்டு வாருங்கள்.